ஒரு கடதாசி, பல தேவைகள்

யுத்தத்தில் இடம்பெயர்ந்த எமது பெண்கள் பலர் எதைக் கைவிட்டாலும் ஒரு பையைக் கைவிடவில்லை. பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, முறைப்பாட்டுத் துண்டு என எல்லாம் அதற்குள் ஒன்றாகக் கிடக்கின்றன. பிரதேச செயலகத்தில் ஒரு கடதாசியைக் கேட்டால் முழுப் பையையும் கொட்டித் தேட வேண்டியுள்ளது. கிடைக்காவிட்டால் இன்னொரு நாட்கூலியை இழந்து மீண்டும் வர வேண்டும். இரண்டு வேலைகளைச் செய்தால் இந்த அலைச்சல் குறையும்.

முதலாவது, பிரித்து வைத்தல். குடும்பப் பதிவுகள், காணியும் வீடும், காணாமற் போனவர் பற்றிய முறைப்பாடுகள், பணமும் கடனும், படிப்பும் வைத்தியமும் என ஐந்து உறைகள் போதும். உறைகள் கூடினால் எதை எதில் வைத்தோம் என்பது மறந்துவிடும்.

இரண்டாவது, குறிச்சொல் எழுதுதல். ஒரு கடதாசியை ஓர் உறையில் மாத்திரமே வைக்கலாம். ஆனால் அதன் தேவை பல இடங்களில் வரும். விவாகச் சான்றிதழ் குடும்ப உறையில் இருக்கும். காணி அலுவலுக்கும் அது வேண்டும், கணவரைத் தேடும் முறைப்பாட்டுக்கும் வேண்டும். ஆகவே ஒவ்வொரு உறைக்கும் கடதாசிக்கும் இலக்கம் இடுங்கள். ஒரு கொப்பியில் 'காணி', 'வங்கி', கணவரின் பெயர் எனச் சொல்லுக்கு ஒரு பக்கம் ஒதுக்கி, அதற்குத் தேவையான கடதாசிகளின் இலக்கங்களை எழுதுங்கள். விவாகச் சான்றிதழ் முதலாம் உறையின் நான்காவது கடதாசி என்றால், 'காணி' பக்கத்திலும் கணவரின் பக்கத்திலும் 1/4 என வரும்.

ஒரு பொருளுக்கு ஒரே சொல்லைப் பாவிப்பது அவசியம். இன்று 'காணி' என்றும் நாளை 'நிலம்' என்றும் எழுதினால், பாதிக் கடதாசிகள் கண்ணில் படாமற் போகும். பத்திரங்களில் ஒருவரின் பெயர் வெவ்வேறு எழுத்துக்களில் இருந்தால், அவற்றையெல்லாம் அவருடைய பக்கத்திலேயே குறித்து வையுங்கள்.

காணாமற் போனவர்களின் குடும்பங்களுக்கு இது பெரிதும் உதவும். பொலிஸ், செஞ்சிலுவைச் சங்கம், மனித உரிமைகள் ஆணைக்குழு, 2013 இல் நியமிக்கப்பட்ட ஆணைக்குழு, 2016 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகம் எனப் பல இடங்களில் ஒரே விபரத்தைச் சொல்லியிருப்போம். திகதியும் முறைப்பாட்டு இலக்கமும் ஒரே பக்கத்தில் இருந்தால், ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரிச் சொல்ல முடியும். மரணப் பதிவுக்குப் பதிலாக, 2016 முதல் சட்டம் இடமளிக்கும் காணக்கிடைக்காமைச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கும்போதும் அப்பக்கம் கைகொடுக்கும்.

மூலப் பத்திரத்தைக் கொடுக்காமல் போட்டோக்கொப்பியைக் கொடுங்கள். மூலத்தையே கொடுக்க நேர்ந்தால், யாரிடம், எந்தத் திகதியில் என்பதைக் கொப்பியில் எழுதுங்கள். பதில் வரத் தாமதிக்கலாம். அதுவரை எமது கேள்விக்கான சான்றுகள் எமது கையிலேயே ஒழுங்காக இருக்கட்டும்.