ஆர்க், சிஓ2, ஆர்கான்... வெல்டிங் பழக எது சரி? உள்ளே பிடித்திருக்கிறதா என எப்படிக் கண்டுபிடிப்பது?

செடித்தொட்டி ஸ்டாண்ட், ஒர்க் டேபிள், மாடியில் சின்னதாக ஒரு ஷெட்... இதையெல்லாம் சொந்தக் கையாலேயே செய்து பார்த்தால் என்ன என்ற ஆசை, வார நாளெல்லாம் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருக்கும் பலருக்கும் வருகிறது. முன்பு டிரான்ஸ்ஃபார்மர் வெல்டிங் மெஷினை நகர்த்தவே இரண்டு பேர் வேண்டும். இப்போது ஒரே கையில் தூக்கிச் செல்லும் இன்வெர்ட்டர் மெஷின் ஆன்லைனில் சில ஆயிரம் ரூபாய்க்கே கிடைக்கிறது.

மெஷின் வந்து இறங்கிய முதல் நாள் நடப்பது பெரும்பாலும் ஒரே கதைதான். ராடு இரும்பில் ஒட்டிக்கொள்ளும். பிடுங்கி எடுத்தால் திரும்பவும் ஒட்டும். கரண்ட்டைக் கூட்டினால் பைப்பில் ஓட்டை விழும். ஒருவழியாக இரண்டு துண்டும் சேர்ந்து நின்றுவிட்டால், 'அப்பாடா, ஒட்டிடுச்சு' என்று ஒரு நிம்மதி.

சிக்கல் அங்கேதான் இருக்கிறது. இரும்பு ஒட்டி நிற்பது வேறு, உருகி ஒன்றாவது வேறு. வெளியே பார்க்க அழகாக இருக்கும் வெல்டிங், உள்ளே பிடிக்காமல் இருக்கலாம். செடித்தொட்டி ஸ்டாண்டில் அது தெரியாமலே போய்விடும். ஆள் ஏறி நிற்கும் ஏணியில் தெரிந்துவிடும்.

மூன்று முறைகள், என்ன வித்தியாசம்?

எல்லா முறைகளிலும் அடிப்படை ஒன்றுதான். மின்பொறியின் சூட்டில் இரண்டு துண்டுகளின் ஓரமும் உருகி, கலந்து, உறைய வேண்டும். உருகிய உலோகத்தைக் காற்று தொட்டுவிட்டால் உள்ளே குமிழ்கள் விழும். அதனால் காற்றை ஒதுக்கி வைக்க ஏதாவது ஒரு மறைப்பு வேண்டும். அந்த மறைப்பை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதில்தான் முறைகள் பிரிகின்றன.

ஆர்க் வெல்டிங்: கிரில் பட்டறைகளில் பார்ப்பது இதுதான். ராடின் மேல் பூசியிருக்கும் பூச்சு எரிந்து வாயுவாகிக் காற்றைத் தள்ளுகிறது. மிச்சம் ஸ்லாக் எனும் கசடாக மேலே படிகிறது. சிலிண்டர் தேவையில்லை. வெட்டவெளியிலும் வேலை செய்யலாம். லேசான துருவையும் ஓரளவு பொறுத்துக்கொள்ளும். ஆனால் மெல்லிய தகட்டில் சட்டென்று ஓட்டை விழும்.

சிஓ2 வெல்டிங்: புத்தகப் பெயர் 'மிக்' அல்லது 'மேக்'. துப்பாக்கி போன்ற டார்ச்சின் டிரிகரை அழுத்தினால் கம்பி தானாக ஓடி வரும், கூடவே வாயுவும் வரும். மெல்லிய தகடு, சதுர பைப் வேலைகளுக்கு வேகமாக இருக்கும். சீக்கிரம் கை பழகிவிடும். ஆனால் மின்விசிறிக் காற்று அடித்தாலே வாயு கலைந்துவிடும்.

ஆர்கான் வெல்டிங்: புத்தகப் பெயர் 'டிக்'. உருகாத டங்ஸ்டன் முனையில் பொறி, அதைச் சுற்றி ஆர்கான் வாயு, இன்னொரு கையில் நிரப்புக் கம்பி. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், அலுமினியம் போன்றவற்றில் சுத்தமான, நுணுக்கமான வேலை வரும். மூன்றில் கை பழக அதிக நாள் எடுப்பதும் இதுதான். பரப்பு துளிகூட அழுக்கில்லாமல் இருக்க வேண்டும்.

அப்போ எதை வாங்குவது?

'எது பெஸ்ட்?' என்று கேட்டால் பதில் கிடைக்காது. 'என்ன உலோகம், எவ்வளவு தடிமன், எங்கே வைத்துச் செய்யப்போகிறோம்?' என்று கேட்டால் பதில் தானாக வரும்.

மூன்று மில்லிமீட்டருக்கு மேல் தடிமனான ஆங்கிள், பிளேட் வேலை, அதுவும் மொட்டை மாடியில் என்றால் ஆர்க் போதும். பெரும்பாலும் மெல்லிய பைப், தகடு, அதுவும் காற்று அடிக்காத இடத்தில் என்றால் சிஓ2. ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாத்திரம், அலுமினியப் பாகம் என்றால் ஆர்கான்.

வாங்கும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். 'மூன்றும் ஒரே மெஷினில்' என்று விற்கப்படும் குறைந்த விலை மெஷின்களில் இருக்கும் டிக் வசதி பெரும்பாலும் டிசி மட்டும்தான். ஸ்டெயின்லெஸ் ஸ்டீலுக்கு அது போதும். அலுமினியத்துக்கு ஏசி வசதி உள்ள மெஷின் வேண்டும்.

இன்னொன்று டியூட்டி சைக்கிள். 160 ஆம்பியரில் 60 சதவீதம் என்று போட்டிருந்தால், அந்த அளவு கரண்ட்டில் பத்து நிமிடத்துக்கு ஆறு நிமிடம்தான் ஓட்டலாம், நான்கு நிமிடம் ஓய்வு கொடுக்க வேண்டும் என்று அர்த்தம். வெறும் 'ஆம்பியர்' எண்ணை மட்டும் பார்த்து வாங்கினால் ஏமாற்றம்தான்.

கை பழக என்ன செய்ய வேண்டும்?

நேராக ஸ்டாண்ட் செய்ய உட்காராமல், பழைய இரும்புக் கடையில் 5 அல்லது 6 மி.மீ. தடிமன் பிளேட் துண்டுகள் சிலவற்றை எடை போட்டு வாங்கிக்கொள்ளலாம். ராடு என்றால் 6013 ரகம், 2.5 மி.மீ. ஆரம்பத்துக்கு ஏற்றது. எளிதில் பொறி பிடிக்கும், எல்லாக் கோணத்திலும் வேலை செய்யும். இதற்குப் பொதுவாக 60 முதல் 90 ஆம்பியர் வரை போதும். சரியான அளவு ராடு பாக்கெட்டிலேயே அச்சிடப்பட்டிருக்கும்.

பிளேட்டை கிரைண்டரால் பளபளப்பாகத் தேய்த்து, சாக்பீஸால் கோடு போட்டு, அதன் மேல் வரிவரியாக ஓட்டிப் பழக வேண்டும். பட்டறையில் இந்த வரிக்கு 'பீட்' என்று பெயர். கவனிக்க வேண்டியவை நான்கே நான்கு: கரண்ட், பொறியின் நீளம், ராடின் சாய்வு, கை நகரும் வேகம்.

ராடு முனைக்கும் இரும்புக்கும் இடைவெளி ஏறக்குறைய ராடின் தடிமன் அளவே இருக்க வேண்டும். ராடு உருகிக் குறையக் குறைய, கையும் இறங்கிக்கொண்டே வர வேண்டும். புதிதாகப் பழகுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். சாய்வு, போகும் திசைப் பக்கம் 10 முதல் 15 டிகிரி போதும். பார்வை பளிச்சென்ற பொறியில் இருக்கக் கூடாது. அதற்குப் பின்னால் உருகி நிற்கும் சின்னக் குளத்தில் இருக்க வேண்டும்.

ஓட்டிய வரியே என்ன தப்பு என்று சொல்லிவிடும். கயிறு போலக் குறுகலாக, மேலே எழும்பி நின்றால் கரண்ட் போதவில்லை. ஓரங்களில் பள்ளம் விழுந்து, சுற்றிலும் துளிகள் தெறித்திருந்தால் கரண்ட் அதிகம், அல்லது பொறி நீளம். வரி மெலிந்து, அதன் அலைகள் கூர்மையாக நீண்டிருந்தால் கை வேகமாகப் போகிறது. அகலமாகக் குவிந்திருந்தால் கை மெதுவாகப் போகிறது.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்க வேண்டும். கரண்ட்டையும் வேகத்தையும் ஒன்றாக மாற்றினால், எது சரி செய்தது என்றே தெரியாது. எந்த வரி எத்தனை ஆம்பியர் என்று பக்கத்திலேயே சாக்பீஸால் எழுதிவைத்து, போனில் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டால், அடுத்த வாரம் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டியதில்லை.

உள்ளே பிடித்திருக்கிறதா? உடைத்துப் பார்க்கலாம்

இரண்டு பிளேட் துண்டுகளைத் தலைகீழ் 'டி' வடிவில் நிறுத்தி, ஒரு பக்கம் மட்டும் வெல்டிங் போட வேண்டும். ஆறியதும் வைஸில் இறுக்கி, வெல்டிங் இல்லாத பக்கத்திலிருந்து, வெல்டிங் இருக்கும் பக்கமாக மடங்கும்படி சுத்தியலால் அடிக்க வேண்டும். இப்படி அடித்தால் மூலையின் அடிப்பகுதி வாய் திறக்கும்.

உடைந்த இடத்தில் பிளேட்டின் பழைய ஓரம் அப்படியே உருகாமல் தெரிந்தால், வெல்டிங் மேலே உட்கார்ந்திருந்ததே தவிர உள்ளே போகவில்லை. கறுப்புக் கோடு தெரிந்தால் கசடு மாட்டியிருக்கிறது. பொடிப்பொடி ஓட்டைகள் என்றால் துரு, பெயின்ட், ஈரம் அல்லது காற்று காரணம்.

இந்தச் சோதனை சிஓ2 முறையில் இன்னும் முக்கியம். குறைந்த கரண்ட்டில் தடித்த இரும்பின் மேல் ஓட்டினாலும் வரி அழகாகவே விழும். உள்ளே பிடித்திருக்காது. 'சுலபமான முறை' என்று பெயர் எடுத்தது ஏமாற்றுவது இப்படித்தான்.

கண், புகை, ஷாக்: எதில் கவனம்?

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்தால் அப்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, பெரும்பாலும் நடுராத்திரியில், கண்ணில் மணல் கொட்டியது போல உறுத்தும். கூலிங் கிளாஸ் இதற்கு உதவாது. ஆர்க் வேலைக்கு ஷேடு 10 அல்லது 11 கண்ணாடியுள்ள முகமூடி வேண்டும். கண் உறுத்தினால் உருளைக்கிழங்கு வைப்பது, தாய்ப்பால் விடுவது, மெடிக்கலில் மரத்துப்போகும் சொட்டு மருந்து வாங்கி விடுவது எல்லாம் ஆபத்து. அந்தச் சொட்டு மருந்தைத் திரும்பத் திரும்ப விட்டால் கருவிழியே பாதிக்கப்படும். கண் மருத்துவரிடம் போவதே சரி.

வெல்டிங் புகையைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2017-ல் வகைப்படுத்தியது. காற்றோட்டம் இல்லாத அறையில் வேலை கூடாது, புகை எழும் இடத்துக்கு நேர்மேலே முகத்தை வைக்கவும் கூடாது. ஜிஐ பைப் என்றால் துத்தநாகப் பூச்சைத் தேய்த்து எடுத்த பிறகே பற்றவைக்க வேண்டும். அந்தப் புகையை இழுத்தால் அன்று மாலையே குளிரும் காய்ச்சலும் வரலாம்.

மெஷினை எர்த் சரியாக உள்ள 16 ஆம்பியர் பிளக்கில்தான் போட வேண்டும். ஈரத் தரை, வியர்வையில் நனைந்த கையுறை இரண்டும் ஆகாது. உடம்பில் காட்டன் துணியே இருக்கட்டும். பாலியஸ்டர் பொறி பட்டால் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே இருந்து, எங்காவது கங்கு புகைகிறதா என்று பார்த்துவிட்டுக் கிளம்ப வேண்டும்.

எங்கே நிறுத்திக்கொள்வது?

பெட்ரோல் டேங்க், எண்ணெய் டிரம், காஸ் சிலிண்டர்: காலியாக இருந்தாலும் கை வைக்கக் கூடாது. உள்ளே தங்கிய ஆவியே வெடிக்கப் போதும். வண்டியின் சேசிஸ், ஸ்டீயரிங், பிரேக் பாகங்கள், ஊஞ்சல் கொக்கி, படிக்கட்டு, குழந்தைகள் சாயும் பால்கனி கிரில் எல்லாம் அனுபவசாலியின் வேலை.

இதைத் தொழிலாகவே கற்க நினைப்பவர்களுக்கு, ஐடிஐ-க்களில் எட்டாம் வகுப்புத் தேர்ச்சியுடன் சேரக்கூடிய ஓராண்டு வெல்டர் பிரிவு இருக்கிறது. திருச்சி பெல் வளாகத்தில் உள்ள வெல்டிங் ஆராய்ச்சி நிறுவனமும் பயிற்சிகளை நடத்துகிறது.

மற்றபடி, முதல் சில வாரங்கள் செய்யும் எதையும் வீட்டுக்குள் கொண்டுபோகாமல், உடைத்துப் பார்க்கவே வைத்துக்கொள்ளலாம். செடித்தொட்டி ஸ்டாண்ட் கொஞ்ச நாள் காத்திருக்கட்டும். அடித்தும் விடாமல் இரும்பே வளைகிற நாளில் அதை ஆரம்பித்தால் போதும்.