தெருப்பெயர்களில் மறைந்திருக்கும் தமிழர்

பினாங்கில் தமிழர்தம் பழஞ்சுவடுகளைத் தேடுவோர் வண்டியை விட்டிறங்கி நடத்தல் வேண்டும். 1786இல் பிரான்சிஸ் லைட் நிறுவிய ஜார்ச் டவுனின் தொடக்ககாலத் தெருக்களுள் ஒன்றான சூலியா தெருவிலிருந்து நம் நடையைத் தொடங்குவோம்.

இத்தெரு முதலில் மலபார் தெரு எனப்பட்டது. அக்கால ஐரோப்பியர் தமிழரையும் மலபாரியர் என்றே குறித்தனர். தரங்கம்பாடியில் சீகன்பால்கு தமிழ்மொழியை அப்பெயராலேயே சுட்டினார். அச்சொல்லின் முற்பகுதி நம் ‘மலை’யே. பின்வந்த ‘சூலியா’ தமிழ் முஸ்லிம் வணிகரைக் குறித்தது; அதனைச் சோழர் பெயரோடு இணைத்துக் காண்பர் அறிஞர்.

சற்றே நடந்தால் 1801இல் தோன்றிய கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல். அந்தக் கப்பித்தான், காதர் முகைதீன் என்னும் தலைவர். ‘கெலிங்’ கலிங்கத்தினின்று பிறந்த சொல். ஒருகாலத்தில் இந்தியரைச் சுட்டும் இயல்பான பெயராயிருந்து, இன்று வசைச்சொல்லாய்த் தாழ்ந்தது. ஆயினும் பள்ளிவாசற் பெயரில் அதன் பழைய மதிப்பு குன்றவில்லை.

அருகிலுள்ள குயின் தெருவில் 1833இல் எழுந்த மாரியம்மன் கோயிலையும் கண்டு மீள்கையில் ஓருண்மை புலப்படும். மலபார், சூலியா, கெலிங் ஆகிய மூன்றும் பிறர் நமக்கிட்ட பெயர்கள். ‘தமிழ்’ என்னுஞ் சொல் ஒன்றிலும் இல்லை. இத்தெருக்களை நம்மவர் தமக்குள் வழங்கிய பெயர்களோ பெரும்பாலும் முதியோர் நாவிலேயே வாழ்கின்றன. ஆகவே அடுத்த நடையில் முதியவர் ஒருவரை உடனழைத்துச் செல்வோம்; அவர் சொல்லும் பெயர்களை அன்றே எழுதிவைப்போம்.