கம்பெனி போய்விட்டது, வண்டி இருக்கிறது

மிட்சுபிஷி பஜேரோ ஸ்போர்ட் திருவள்ளூரில் உள்ள இந்துஸ்தான் மோட்டார்ஸ் ஆலையில் உருவானது. ஃபோர்டு எண்டெவர் மறைமலை நகரில் உருவானது. இன்று இரண்டுமே இந்தியாவில் உற்பத்தியில் இல்லை. தாய்லாந்திலிருந்து வந்திறங்கிய செவர்லே ட்ரெயில்பிளேசரும் இல்லை. அதை விற்ற ஜெனரல் மோட்டார்ஸ் 2017 முடிவோடு இந்தியாவில் கார் விற்பதையே நிறுத்திக்கொண்டது. ஃபோர்டு 2021 செப்டம்பர் 9 அன்று விலகல் அறிவிப்பு வெளியிட்டது. ஆனால் இந்த வண்டிகள் எல்லாம் இன்னும் நம் சாலைகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன. பழைய கார் சந்தையில் கைமாறிக்கொண்டும் இருக்கின்றன. முப்பது, நாற்பது லட்சம் போட்டு வாங்கியவர்களும், அதைப் பத்துப் பன்னிரண்டு லட்சத்துக்குக் கைமாற்றிக்கொண்டவர்களும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: நாளைக்கு ஏதாவது ஆனால் யாரைப் பிடிப்பது?

இந்த நிலை ஏன் வந்தது என்பதற்கு வண்டியின் அடியில் குனிந்து பார்த்தால் பதில் கிடைக்கும். இவை எல்லாமே பிக்கப் வண்டியின் சேஸிஸ் மேல் கட்டப்பட்டவை. எண்டெவருக்கு அடியில் இருப்பது ரேஞ்சர் பிக்கப். பஜேரோ ஸ்போர்ட்டுக்கு ட்ரைட்டன், ட்ரெயில்பிளேசருக்கு கொலராடோ. இன்றும் விற்பனையில் உள்ள டொயோட்டா ஃபார்ச்சூனருக்கு ஹைலக்ஸ், இசுஸு எம்யூ-எக்ஸுக்கு டி-மேக்ஸ். நீளவாக்கில் இரண்டு எஃகுச் சட்டங்கள், அவற்றை இணைக்கும் குறுக்குச் சட்டங்கள், அதன் மேல் ரப்பர் வைத்து போல்ட் போட்டு உட்கார்த்திய பாடி. இந்த பிக்கப்புகளுக்குத் தாய்லாந்தும் ஆஸ்திரேலியாவும்தான் பெரிய சந்தை. நாம் பிக்கப்பைக் காய்கறி ஏற்றும் வண்டியாகத்தான் பார்க்கிறோம்; வீட்டு வண்டியாக வாங்குவதில்லை. அதனால் அந்த சேஸிஸை எப்போது மாற்றுவது, எந்த என்ஜினை எப்போது நிறுத்துவது என்ற முடிவுகளில் நமக்குப் பங்கு மிகக் குறைவு.

ஒரே சேஸிஸ், ஒரே என்ஜின் என்பதில் இன்னொரு சிக்கலும் உண்டு. 2024 ஜனவரியில், டொயோட்டா குழுமத்தின் டீசல் என்ஜின்களுக்குச் சான்றிதழ் பெறும் சோதனையில் முறைகேடு நடந்தது தெரியவந்தது. இந்தியாவில் ஃபார்ச்சூனர், ஹைலக்ஸ், இன்னோவா கிரிஸ்டா ஆகிய மூன்றையும் ஆலையிலிருந்து அனுப்புவது சில நாள் நிறுத்தப்பட்டு, பிறகு தொடங்கியது. ஒரு என்ஜினில் கேள்வி எழுந்தால் ஒரு வண்டிக் குடும்பமே நிற்கும்.

இனி என்ன ஆகும்? வரி பார்த்தால் நிலைமை மோசமில்லை. 2025 செப்டம்பர் 22-க்கு முன்பு இந்த வண்டிகளுக்கு ஜிஎஸ்டி 28 சதவீதம், அதற்கு மேல் செஸ் 22 சதவீதம், ஆக 50. இப்போது செஸ் இல்லாமல் 40. ஆனால் மின்சாரக் காருக்கு 5 சதவீதம்தான் என்பதையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஒரு கம்பெனி ஓர் ஆண்டில் விற்கும் கார்கள் அத்தனையின் புகை அளவுக்கும் சராசரி பார்க்கும் விதி ஏற்கனவே நடைமுறையில் இருக்கிறது. அதன் அடுத்த, கடுமையான கட்டம் 2027 ஏப்ரலை ஒட்டித் திட்டமிடப்பட்டிருக்கிறது. இரண்டு டன்னுக்கு மேல் எடையுள்ள டீசல் வண்டி அந்தச் சராசரியைக் கெடுக்கும். அதனால்தான் 2025-ல் ஃபார்ச்சூனரில் 48 வோல்ட் ஹைப்ரிட் ஏறியது; அதே ஆண்டு நவம்பரில் காட்டப்பட்ட புதிய ஹைலக்ஸில் முழு பேட்டரி வகையும் உண்டு. என் கணிப்பில் இந்த வகை வண்டி அழியாது. கட்சிக் கொடி கட்டுகிறவர்கள் இருக்கும்வரை அழியவே அழியாது. ஆனால் விற்கும் கம்பெனிகள் இரண்டு மூன்றாகச் சுருங்கும். விற்பவர் குறைந்தால் வாங்குபவரின் பேரம் பேசும் பலமும் குறையும். அங்கேதான் சட்டம் தேவைப்படுகிறது.

எண்டெவர் வைத்திருப்பவர்கள் பலர் மறைமலை நகரில் ஆலை மறுபடி திறக்கப் போகிறது என்ற செய்தியில் நம்பிக்கை வைத்திருக்கிறார்கள். 2025 அக்டோபர் இறுதியில் தமிழ்நாடு அரசோடு ஃபோர்டு ஒப்பந்தம் போட்டது உண்மை. 3,250 கோடி ரூபாய் முதலீடு, 2029-ல் உற்பத்தி. ஆனால் அங்கே தயாராகப் போவது என்ஜின்; அதுவும் ஏற்றுமதிக்கு. எண்டெவர் திரும்பி வருகிறது என்று சொல்லிப் பழைய வண்டிக்கு விலை ஏற்றும் புரோக்கர் பேச்சை நம்பி முன்பணம் கொடுக்காதீர்கள்.

பழைய வண்டி பார்க்கப் போகும்போது நல்ல மெக்கானிக் ஒருவரைக் கூட்டிக்கொண்டு போங்கள். பெயிண்டையும் சீட்டையும் அவர் கடைசியில்தான் பார்ப்பார். முதலில் வலது முன் சக்கரத்தை முழுக்கத் திருப்பச் சொல்லி, கம்பி பிரஷ்ஷால் சேஸிஸ் சட்டத்தில் படிந்த சேற்றைச் சுரண்டுவார். இந்த வகை வண்டிகளில் சேஸிஸ் நம்பர் பொதுவாக அங்கேதான் அடித்திருக்கும். ஆர்.சி. புக்கில் உள்ள எண்ணோடு அதை ஓர் எழுத்து விடாமல் ஒப்பிட வேண்டும். எண்ணைச் சுற்றி உலோகம் மட்டும் பளபளப்பாகவோ சற்றுக் குழிந்தோ இருந்தால் அந்த இடத்திலேயே கைகழுவிவிடலாம். பிறகு சட்டத்தின் ஓரமாக டார்ச் அடித்துக்கொண்டே பின்பக்கம் வரை போக வேண்டும். கம்பெனி வெல்டிங் ஒரே சீராக ஓடும். பட்டறை வெல்டிங் முடிச்சு முடிச்சாக இருக்கும், மேலே கறுப்பு பெயிண்ட் புதிதாக இருக்கும். விபத்தில் வளைந்த சேஸிஸைச் சூடுகாட்டி நிமிர்த்தினால் எஃகு பலம் இழக்கும். பாடியை மாற்றிவிடலாம், சேஸிஸில் விட்டதைப் பிடிக்க முடியாது.

டெல்லிப் பதிவு எண்ணோடு வரும் ஃபார்ச்சூனர்கள் நம் ஊரில் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் இருக்கிறது. பத்தாண்டு கடந்த டீசல் வண்டிகள் அங்கே ஓடக் கூடாது என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தடை போட்டது, உச்ச நீதிமன்றம் 2018-ல் அதை உறுதிசெய்தது. 2025-ல் இடைக்கால ஆணைகள் கொஞ்சம் தளர்த்தின. ஆனாலும் அங்கே பயம் போகவில்லை. வாங்குவது குற்றமில்லை. ஆனால் அந்த ஆர்.டி.ஓ.விடமிருந்து என்.ஓ.சி., கடன் இருந்திருந்தால் படிவம் 35, பெயர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30 ஆகியவை கையில் வராமல் முழுப் பணத்தையும் கொடுக்கக் கூடாது. வெளி மாநில வண்டியை 12 மாதத்துக்கு மேல் இங்கே வைத்திருந்தால் மறுபதிவு செய்தாக வேண்டும். சாலை வரியும் இங்கே கட்ட வேண்டும். மலிவு என்று நினைத்ததில் பெரும்பகுதி அந்த வரியிலேயே போய்விடும்.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. ஆர்.சி.யில் உங்கள் பெயர் இருக்கும்வரை அந்த வண்டி ஏற்படுத்தும் விபத்துக்கு நஷ்ட ஈடு கொடுக்க வேண்டியவர் நீங்கள்தான் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. பழைய கார் டீலரிடம் விட்டால், அவர் ஆர்.டி.ஓ. அங்கீகாரம் பெற்றவரா என்று பாருங்கள். 2023 ஏப்ரல் முதல் அமலில் உள்ள விதிப்படி, வண்டியை ஒப்படைத்ததைப் படிவம் 29சி வழியாகத் தெரிவித்தால் பொறுப்பு டீலருக்குப் போகும்.

உயரமான வண்டி என்பதால் ஏற்படும் தைரியம்தான் அடுத்த ஆபத்து. எண்டெவர் 800 மில்லிமீட்டர் தண்ணீரில் போகும் என்று கம்பெனியே சொன்னது. ஆனால் வேளச்சேரி சப்வேயில் தேங்கும் வெள்ளத்தின் ஆழத்தை யார் அளந்தார்கள்? காற்று உறிஞ்சும் வழியாகத் தண்ணீர் புகுந்தால் என்ஜின் இறுகிப் போகும், கனெக்டிங் ராட் வளையும். சாதாரண முழுக் காப்பீட்டில் இதை ‘விளைவால் வந்த சேதம்’ என்று சொல்லி மறுத்துவிடுவார்கள். என்ஜின் பாதுகாப்பு என்ற தனிச் சேர்க்கை பாலிசியில் இருக்கிறதா என்று மழைக்காலத்துக்கு முன்பே பார்த்துவிடுங்கள். தண்ணீரில் நின்ற வண்டியை மறுபடி ஸ்டார்ட் செய்யவே செய்யாதீர்கள். படம் எடுத்து, இழுத்துக்கொண்டு போகச் சொல்லுங்கள். மறுப்புக் கடிதம் வந்தால் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் முறையிடலாம். சென்னையிலேயே அலுவலகம் இருக்கிறது.

முன்னால் இரும்புக் குழாய் மாட்டுவதைப் பற்றிச் சொல்லாமல் முடியாது. புல் பார், கிராஷ் கார்டு எதுவானாலும் சட்ட விரோதம் என்று மத்தியப் போக்குவரத்து அமைச்சகம் 2017 டிசம்பரிலேயே மாநிலங்களுக்கு எழுதிவிட்டது. அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். சேஸிஸோடு சேர்த்து மாட்டிய அந்தக் குழாய் மோதலின் வேகத்தை ஏர்பேக் சென்சாருக்குத் தவறாகக் கடத்தும். நாளை ஏர்பேக் விரியவில்லை என்று நீங்கள் வழக்குப் போட்டால், கம்பெனி வக்கீல் முதலில் காட்டப்போவது அந்தக் குழாயின் படத்தைத்தான். பெரிய டயர் மாட்டுவதும் அப்படித்தான்; உயரமான வண்டியில் டயர் ஒரு விளையாட்டுப் பொருள் அல்ல. அமெரிக்காவில் ரேஞ்சர் பிக்கப்பின் வழிவந்த ஃபோர்டு எக்ஸ்ப்ளோரரும் ஃபயர்ஸ்டோன் டயரும் சேர்ந்து உருவாக்கிய விபத்துகளின் பின்னணியில்தான் 2000-ல் குறையுள்ள வண்டிகளைத் திரும்பப் பெறும் அந்த நாட்டின் சட்டம் கடுமையானது. அந்த டயர்களோடு தொடர்புபடுத்தப்பட்ட மரணங்கள் 271.

நமக்கு அப்படி ஒரு சட்டம் 2019-ல்தான் வந்தது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 110ஏ பிரிவு. 2021 ஏப்ரல் முதல் நடைமுறை. ஏழு ஆண்டுக்கு உட்பட்ட வண்டியில் பாதுகாப்புக் குறை இருந்தால் அரசின் பரிவாகன் தளத்தில் உரிமையாளரே புகார் பதியலாம். குறிப்பிட்ட எண்ணிக்கை சேர்ந்தால் விசாரணை நடக்கும்; கட்டாயமாகத் திரும்பப் பெறச் சொன்னால் 1 கோடி ரூபாய் வரை அபராதமும் விதிக்கலாம். எண்ணிக்கை சேர்வதில்தான் இதன் உயிர் இருக்கிறது. வாட்ஸ்அப் குழுவில் புலம்புகிறவர்களில் பாதிப் பேர் அங்கே பதிந்தாலே போதும்.

தனி வழக்குக்கு நுகர்வோர் ஆணையம். வண்டிக்குக் கொடுத்த தொகை 50 லட்சம் வரை என்றால் மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம். கம்பெனி எங்கே இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். பஞ்சாபில் எண்டெவர் வாங்கிய ஒரு வாடிக்கையாளருக்கு 42 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி உச்ச நீதிமன்றம் 2023-ல் ஃபோர்டுக்கு உத்தரவிட்டது; அதாவது கம்பெனி விற்பனையை நிறுத்திய பிறகு. நிறுவனத்தின் பெயரில் வாங்கிய வண்டி என்பதால் ‘வணிக நோக்கம்’ என்று தட்டிக்கழிப்பதும் இனி எளிதல்ல. இயக்குநரின் சொந்தப் பயன்பாட்டுக்கு வாங்கியிருந்தால் நிறுவனமும் நுகர்வோரே என்று ஒரு மெர்சிடிஸ் வழக்கில் 2024 ஜூலையில் தீர்ப்பு வந்துவிட்டது.

உதிரி பாகம் எத்தனை ஆண்டு கிடைக்க வேண்டும் என்று நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் ஆண்டுக் கணக்கு ஏதும் இல்லை. இது பெரிய ஓட்டை. அதனால் கம்பெனி எழுத்தில் தந்த வாக்குறுதிதான் உங்கள் பிடி: வாரண்டி அட்டை, விலகும்போது அனுப்பிய மின்னஞ்சல், சர்வீஸ் பேக்கேஜ் ரசீது. ஒவ்வொரு முறை சர்வீஸ் விடும்போதும் உங்கள் புகாரை ஜாப் கார்டில் உங்கள் வார்த்தையிலேயே எழுதச் சொல்லுங்கள். ‘ஜெனரல் செக்கப்’ என்று எழுதி நீட்டினால் கையெழுத்துப் போடாதீர்கள். தயாரிப்புக் குறை என்று வாதிட, நிபுணரின் பரிசோதனை அறிக்கை வேண்டும். ஆணையத்திடம் கேட்டால் அதுவே ஆய்வுக்கு அனுப்பும்.

முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள். பாதி விஷயம் அங்கேயே தீர வாய்ப்புண்டு. தீராவிட்டால் இ-ஜாக்ருதி தளத்தில் வழக்கை நீங்களே தாக்கல் செய்யலாம். வண்டிக்குக் கொடுத்தது 20 லட்சத்துக்கு மேல் 50 லட்சம் வரை என்றால் கட்டணம் 1,000 ரூபாய். சர்வீஸ் சென்டர் ‘பார்ட்ஸ் வரும் சார், வரும் சார்’ என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே காலம் ஓடும். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுக்குள் வழக்குப் போட்டாக வேண்டும்.