மணலுக்குள் உறைந்த எண்ணெய்

மார்கழிக் காலையில் தேங்காய் எண்ணெய் பாட்டிலைக் கவிழ்த்தாலும் சொட்டு விழாது. வெயிலில் வைத்தால் தானே வழியும். கனடாவின் ஆல்பர்ட்டா மாகாணத்தில், அத்தபாஸ்கா ஆற்றை ஒட்டிய நிலத்துக்கு அடியில் பிட்டுமென் என்னும் கெட்டி எண்ணெய் மணலோடு மணலாக அப்படித்தான் கிடக்கிறது. அந்த மணல்கட்டி கரேலென்று, புதிதாகப் போட்ட தார்ச்சாலை வாடையோடு இருக்கும். குளிரில் கல் மாதிரி. சற்றுச் சூடேறினால் விரலில் ஒட்டும். கிரீ பழங்குடியினர் மரப்பட்டைப் படகுகளின் இடுக்குகளை இதைப் பூசித்தான் அடைத்தார்கள்.

மேலாக இருப்பதைத் தோண்டி அள்ளிவிடலாம். ஆனால் எடுக்கக்கூடிய எண்ணெயில் ஐந்தில் நான்கு பங்கு தோண்ட முடியாத ஆழத்தில் இருக்கிறது. நிலத்தடிக் குளிரில் அது தண்ணீரைவிடப் பத்து லட்சம் மடங்கு கெட்டி. வெறும் பம்புக்கு அசையாது. 200 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால் சமையல் எண்ணெயைவிட இளகிவிடும்.

இம்பீரியல் ஆயில் நிறுவனத்தில் இருந்த பொறியாளர் ரோஜர் பட்லர் இதற்கு இரண்டு கிணறுகளைச் சொன்னார். இரண்டும் படுக்கைவாட்டில், ஒன்றுக்கு மேல் ஒன்றாக, சுமார் 5 மீட்டர் இடைவெளியில். மேல்கிணற்றில் விடும் நீராவி மணலுக்குள் ஓர் அறைபோலப் பரவும். அறையின் ஓரத்தில் குளிர்ந்த மணலைத் தொட்டதும் அது தண்ணீராகி, தன் வெப்பத்தை அங்கேயே கொடுத்துவிடும். இளகிய எண்ணெய் அந்தத் தண்ணீரோடு சேர்ந்து அறையின் சரிவில் வழிந்து கீழ்க்கிணற்றில் இறங்கும். அங்கிருந்து மேலே ஏற்றத்தான் பம்பு. மணலிலிருந்து எண்ணெயைப் பிரித்து இறக்குவது புவியீர்ப்பே. எனக்கு இதில் மிகவும் பிடித்தது இந்த எளிமைதான்.

இதைச் சோதிக்க, ஃபோர்ட் மெக்மரி அருகே அரசின் ஆராய்ச்சி அமைப்பு எண்ணெய் மணலையும் தாண்டிச் சுண்ணாம்புப் பாறைக்குள் சுரங்கம் வெட்டியது. அங்கிருந்து மேல்நோக்கித் துளையிட்டு, 1980களின் பிற்பகுதியில் நீராவி செலுத்தினார்கள். எண்ணெய் வழிந்து வந்தது.

கீழ்க்கிணற்றை ஓட்டுவதில் ஒரு பக்குவம் உண்டு. அவசரப்பட்டு இழுத்தால் நீராவியே உள்ளே புகுந்து வீணாகும். அதனால் கிணற்றுக்கு மேல் எப்போதும் கொஞ்சம் எண்ணெயும் தண்ணீரும் தேங்கி நிற்கும்படி விடுகிறார்கள். அதுவே மூடிபோல நீராவியைத் தடுக்கும்.

குறை நீராவியில்தான். ஒரு பீப்பாய் எண்ணெய்க்குப் பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு பீப்பாய்த் தண்ணீரைக் கொதிக்கவைக்க வேண்டும். அதற்கு எரிக்கும் இயற்கை எரிவாயுவால் கரியமில வாயு குவிகிறது. இது சின்னக் குறை அல்ல. பட்லரே பிற்பாடு, நீராவிக்குப் பதில் புரொப்பேன் போன்ற வாயுக்களால் எண்ணெயைக் கரைத்து இறக்கும் வழியை ஆராய்ந்தார். இன்று நீராவியோடு பியூட்டேன் போன்ற கரைப்பான்களைக் கலந்து பார்க்கிறார்கள். நீராவி குறைகிறது, ஆனால் கரைப்பான் விலை அதிகம். உள்ளே விட்டதில் எவ்வளவு எண்ணெயோடு திரும்பி வருகிறது, எவ்வளவு மணலிலேயே தங்கிவிடுகிறது என்பதைத்தான் இப்போது ஒவ்வொரு சோதனைக் கிணற்றிலும் அளக்கிறார்கள்.