தன்னை மறுத்தல்: ஒரு கணக்காளரின் வாழ்வு

கிட்வாய் நகர்ப் பக்கம் நம் தமிழ்க் குடும்பங்களில் எல்லாச் சமயத்தாரும் இருக்கிறோம். ஈஸ்டருக்கு முந்தைய தவக்காலம் வந்தால் கிறிஸ்தவ நண்பர்கள் என்னிடம் கேட்பதுண்டு: "நாங்க நாற்பது நாள் கறியை விடறோம், நீங்க உபவாசம் இருக்கீங்க. ரெண்டும் ஒண்ணுதானே நயினாரே?" ஆமாம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் படித்துப் பார்த்தால் ஒற்றுமையும் உண்டு, வேற்றுமையும் உண்டு. பிறப்பால் சமணன், தொழிலால் வியாபாரி. நான் விளங்கிக்கொண்ட அளவில் எழுதுகிறேன்.

சொல்லின் பொருள்

தம்மைப் பின்பற்ற விரும்புகிறவர் தம்மையே மறுத்து, சிலுவையைச் சுமந்து வரவேண்டும் என்பது இயேசுவின் போதனை. பழைய தமிழ் வேதாகமம் இவ்விடத்தில் 'வெறுத்தல்' என்ற சொல்லை ஆள்கிறது. 1995இல் வந்த பொது மொழிபெயர்ப்போ தன்னலத்தைத் துறத்தல் என்று பொருள் கொள்கிறது. கிரேக்க மூலச் சொல்லுக்கு 'மறுத்தல்' என்பதே நேர்ப்பொருள். இயேசுவைத் தெரியவே தெரியாது என்று பேதுரு மறுத்த இடத்திலும் அதே சொல்தான். ஆகவே உடம்பை வதைப்பதோ, தன்னைத்தானே வெறுப்பதோ இதன் கருத்தல்ல. 'நான், எனது' என்று உள்ளே உரிமை கொண்டாடுகிறவனைப் பார்த்து 'உன்னை எனக்குத் தெரியாது' என்று சொல்வதே கருத்து. சிலுவை என்பதும் வாழ்வில் வரும் எல்லாக் கஷ்டமும் அல்ல. நம்பிய கொள்கைக்காகத் தெரிந்தே ஏற்கும் இழப்புதான் அது.

தஞ்சாவூர்க்காரரின் கணக்கு

இதற்கு நம் தமிழரிலேயே சான்று உண்டு. ஜே.சி. குமரப்பா 1892இல் தஞ்சாவூரில் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். லண்டனில் கணக்குத் தணிக்கை பயின்று, பம்பாயில் நல்ல வருமானத்தோடு தொழில் நடத்தியவர். பிறகு அமெரிக்கா சென்று, கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இந்திய வறுமைக்கும் அரசின் நிதிமுறைக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்தார். அந்த ஆய்வே 1929இல் அவரைக் காந்தியடிகளிடம் கொண்டு சேர்த்தது. தொழிலை விட்டார், கதர் உடுத்தினார், திருமணமே செய்துகொள்ளவில்லை. பல முறை சிறையும் சென்றார். இயேசுவின் போதனை பற்றிய அவர் நூல் சிறையில் எழுதப்பட்டதுதான்.

வியாபாரி என்ற முறையில் என்னைக் கவர்ந்த செய்தி ஒன்று. 1934 பீகார் நிலநடுக்க நிவாரண நிதிக்குக் கணக்குப் பார்த்தவர் குமரப்பா. காந்தியடிகளும் உடன் வந்தவர்களும் அங்கே வந்தபோது, அவர்கள் செலவை நிவாரணப் பணத்திலிருந்து கொடுக்க முடியாதென்று சொல்லிவிட்டார். காந்தியடிகளும் ஒப்புக்கொண்டார். ஏழையின் பணம் ஏழைக்கே என்ற இடத்தில் குருபக்தியைக்கூட ஒதுக்கி வைத்தாரே, அதுவும் தன்னை மறுத்தல்தான்!

சமணத்தோடு ஒப்புநோக்க

எங்கள் தசலட்சண தருமங்கள் பத்தில் தவம், தியாகம், ஆகிஞ்சன்யம் மூன்றும் தனித்தனி. உண்ணாநோன்பு தவத்தின்பாற்படும். கொடுத்தல் தியாகம். 'எனதென்று ஒன்றுமில்லை' என்ற உணர்வு ஆகிஞ்சன்யம். இல்லறத்தாருக்கு மிகுபொருள் விரும்பாமை என்ற அணுவிரதமும் உண்டு. அதாவது இவ்வளவு போதும் என்று நாமே வரம்பு கட்டிக்கொள்வது.

வேற்றுமை எங்கே? சமணர் துறப்பது உயிரைப் பற்றிய வினையை உதிர்ப்பதற்காக. கிறிஸ்தவர் துறப்பது தமக்காக உயிர் கொடுத்தவரிடம் கொண்ட அன்பினால். அந்த அன்பு அயலாரிடம் போய்ச் சேரவேண்டும். சமணத்தில் உபவாசம் வினையை உதிர்க்கும் தவம். கிறிஸ்தவத்திலோ, விட்டது அடுத்தவருக்குப் பயன்படாவிட்டால் நோன்பு முழுமை பெறாது. 'எனதல்ல' என்ற எண்ணம் மட்டும் இருவருக்கும் பொது.

நம் வீட்டுக்கு

துறவு என்பது முனிவருக்கும் குருமாருக்கும் மட்டும் உரியதல்ல. குமரப்பா மடத்தில் சேரவில்லை. கணக்குப் புத்தகத்தோடே துறந்தார். தில்லியில் வளரும் நம் பிள்ளைகள் நாம் விரதம் இருப்பதைப் பார்க்கிறார்கள், ஏன் என்று அவர்களுக்குத் தெரிவதில்லை. விரத நாளில் மிச்சமான பணத்தைக் குறித்து வைத்து, அது யாருக்குப் போகவேண்டும் என்று அவர்களையே கேளுங்கள். வேலைக்கு வரும் அம்மாவின் மகள் படிப்புக்கா, பக்கத்து வீட்டு நோயாளியின் மருந்துக்கா என்று அவர்களே சொல்லட்டும். அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்தும் விடுங்கள். கோயிலுக்குப் போகும் வீடானாலும், சர்ச்சுக்குப் போகும் வீடானாலும், ஜினாலயம் போகும் வீடானாலும் இதைச் செய்யலாம் என்பது என் பணிவான கருத்து.