சேற்றில் துழாவும் கையும் டி செல்லும்

காட்டுப்பள்ளி, பழவேற்காடு பக்கம் போனவர்கள் இருவகை மீன்பிடிப்பைப் பார்த்திருக்கலாம். வலை கட்டுவது ஒருவகை. வேண்டிய இறாலோடு வேண்டாத குஞ்சும் நண்டும் அதில் சேர்ந்தே வரும். இருளர் பெண்கள் செய்வது வேறு. ஓலைப்பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, ஆழமில்லாத நீரில் சேற்றைக் கையால் துழாவுவார்கள். விரல் பட்டதுமே இறால் எது, கல் எது என்று தெரிந்துவிடும்.

புற்றுநோய்க்கு நெடுங்காலமாகத் தரப்படும் மருந்துகளில் பெரும்பாலானவை வலையைப் போன்றவை. விரைந்து பெருகும் செல் எதுவானாலும் தாக்கும். மயிர் உதிர்வதும் வாய் புண்ணாவதும் அதனால்தான். கைபோலத் தொட்டறிந்து பிடிக்கும் மருத்துவம் ஒன்றும் இன்று வந்துவிட்டது. அது முதலில் வெற்றி கண்ட நோய்களுள் ஒன்று லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்று.

காலில் கெளுத்தி முள் குத்திச் சீழ் வைத்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். அங்குள்ள நிணநீர்க் கணு வீங்குவதே அது. வலிக்கும், புண் ஆறினால் வற்றும். கழுத்திலோ அக்குளிலோ பெரும்பாலும் வலியே இல்லாமல், வாரக்கணக்கில் வளரும் கட்டி வேறு ரகம். காசநோயிலும் இப்படிக் கட்டி வரும். நம் நாட்டில் காசநோய் மிகுதி என்பதால், சதைப் பரிசோதனை செய்யாமலே காசநோய் மாத்திரை தொடங்கிவிடுவதும் உண்டு. மாதங்கள் ஓடும், உள்ளே இருப்பது லிம்போமா என்றால் அதுவும் உடன் வளரும். கட்டியின் ஒரு துண்டை எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதுதான் இரண்டையும் பிரித்தறியும் வழி.

லிம்போமாவில் பல வகைகள் மருந்தாலேயே குணமாகக் கூடியவை. மருந்துக்குப் பின்னும் திரும்பி வருவதுதான் தொல்லை. அங்கேதான் ராகுல் புர்வாரின் ஆராய்ச்சி நுழைகிறது. அமெரிக்காவில் ஆய்வு செய்துவிட்டு 2013இல் மும்பை ஐ.ஐ.டி.யில் சேர்ந்தவர் அவர். டாட்டா நினைவு மையத்தின் மருத்துவர்களோடு கூடி அவர் குழு உருவாக்கியதே நெக்ஸ்கார்19.

இதன் செய்முறையைக் கேளுங்கள். நோயாளியின் இரத்தத்திலிருந்து டி செல் என்னும் வெள்ளணுக்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நோய் உண்டாக்கும் தன்மை நீக்கப்பட்ட வைரஸ் ஒன்று, புதிய மரபணு ஒன்றை அவற்றுள் கொண்டுபோய்ச் சேர்க்கிறது. அதன் பயனாக டி செல்லின் மேல் ஒரு புதிய 'விரல்' முளைக்கிறது. பி செல்களின் மேலுள்ள சி.டி.19 என்ற புரதத்தை அந்த விரல் அடையாளம் காணும். செல்களைப் பெருக்கி, மீண்டும் நோயாளியின் உடலிலேயே செலுத்துவார்கள். சி.டி.19 நல்ல பி செல்களிலும் உண்டு, அவையும் அழியும். ஆனால் பி செல் இல்லாமல் சில காலம் வாழ முடியும், தொற்று வராமல் காத்துக்கொண்டால். இலக்கைத் தேர்ந்ததில் உள்ள சாமர்த்தியம் இதுவே.

ஆபத்து இல்லாமல் இல்லை. டி செல்கள் ஒரே நேரத்தில் கிளர்ந்தெழுந்தால் கடுங்காய்ச்சல் வரும், இரத்த அழுத்தம் விழும். சிலருக்கு மூளையும் பாதிக்கப்படும். 'விரல்' பகுதியை மனிதப் புரதத்தை ஒத்ததாக மாற்றி அமைத்தனர் மும்பைக் குழுவினர். மூளைப் பாதிப்பு அவர்கள் சோதனையில் அரிதாகவே காணப்பட்டது.

2021 ஜூன் மாதம் டாட்டா மையத்தில் முதல் நோயாளிக்குச் செலுத்தப்பட்டது. 2023 அக்டோபரில் அரசு ஒப்புதல் கிடைத்தது. 2024 ஏப்ரல் 4 அன்று குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு இதைத் தொடங்கிவைத்தார். மற்ற மருந்துகளுக்கு மசியாத நோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் மூவருக்குப் புற்று சுருங்கியது அல்லது மறைந்தது என்று 2025இல் வெளியான ஆய்வு முடிவு கூறுகிறது.

விலைக்கு வருவோம். அமெரிக்காவில் இத்தகைய சிகிச்சைக்கு மூன்று கோடி ரூபாய்க்கு மேல் ஆகும். இங்கே வெளிவந்தபோது சுமார் 40 இலட்சம். பத்தில் ஒரு பங்கு என்று பெருமைப்படலாம்தான். ஏரியில் இறங்கி அன்றாடம் பிழைக்கும் குடும்பத்துக்கு இரண்டும் ஒன்றே. எனவே விலையைக் குறைக்கும் வேலையும் ஆராய்ச்சியின் ஒரு பகுதியே என்பது என் எண்ணம்.

பலன் கண்டவர்களிலும் சிலருக்கு நோய் திரும்புகிறது. புற்றுச் செல் சி.டி.19ஐயே உதறிவிட்டு மறைந்துகொள்வது அதற்கு ஒரு காரணம். ஓட்டைத் தடவி இறாலை அறியும் விரலுக்கு, ஓடே இல்லாத இறால் சிக்குமா? ஆகையால் இரண்டு அடையாளங்களை ஒருசேரத் தேடும் டி செல்களைப் பல நாட்டு ஆய்வுக்கூடங்களில் இப்போது சோதித்து வருகிறார்கள்.