சிப்பாயின் உடுப்பும் பார்லிமெண்டின் கடமையும்

வெள்ளையர் ஆட்சிக் காலத்தில் டில்லிச் சட்டசபையில் அமர்ந்திருந்த நம்மவர்களுக்கு ஒரு நீங்காத மனக்குறை இருந்து வந்தது. 1919-ம் வருஷத்து இந்திய அரசாங்கச் சட்டத்தின் 67-ஏ பிரிவுப்படி, ராணுவச் செலவு அவர்களுடைய வோட்டுக்கு விடப்படவில்லை. பட்ஜெட் சமயத்தில் அதைப்பற்றிப் பேசுவதற்குங்கூட கவர்னர்-ஜெனரலின் அனுமதி வேண்டியிருந்தது. வரி கொடுப்பவன் இந்தியக் குடியானவன். செலவழிப்பவர் பிரதம சேனாதிபதி. கணக்குக் கேட்பதற்கு மட்டும் ஆளில்லை. சுயராஜ்யம் வந்ததும் அந்தத் தடை ஒழிந்தது. 1947-ம் வருஷம் நவம்பர் 26-ந் தேதி நமது கோயமுத்தூர் ஸ்ரீ ஆர். கே. சண்முகஞ் செட்டியார் சுதந்திர இந்தியாவின் முதல் பட்ஜெட்டைச் சமர்ப்பித்தபோது, மொத்தச் செலவான ஏறத்தாழ 197 கோடி ரூபாயில் 92 கோடிக்கு மேல் ராணுவத்துக்கே ஒதுக்கப்பட்டிருந்தது. பின்னர் வந்த அரசியல் சட்டத்தின் 113-வது ஷரத்து, மான்யக் கோரிக்கையை ஏற்கவும், மறுக்கவும், குறைக்கவும் லோக்சபைக்குப் பூரண அதிகாரம் அளித்தது. இவ்வளவு பாடுபட்டுச் சம்பாதித்த உரிமையை நாம் எவ்வாறு அநுபவித்து வருகிறோம் என்பதே இங்கு விசாரிக்க வேண்டிய விஷயம்.

2018-ம் வருஷம் மார்ச்சு மாதத்தில் அடுத்தடுத்து வந்த இரண்டு நாட்களை எடுத்துக்கொள்வோம். 13-ந் தேதி, செவ்வாய்க்கிழமை, பார்லிமெண்டின் ராணுவ நிலைக் கமிட்டி தன் அறிக்கையைச் சபையில் வைத்தது. அக்கமிட்டியின் தலைவர் ஸ்ரீ பி. ஸி. கண்டூரி, ஓய்வுபெற்ற மேஜர் ஜெனரல், ஆளும் கட்சியையே சேர்ந்தவர். எனவே, எதிர்க்கட்சியின் வெறும் வாய்ச்சண்டை என்று அவ்வறிக்கையைத் தள்ளிவிட இடமில்லை. உதவி சேனாதிபதி லெப்டினெண்ட் ஜெனரல் சரத் சந்த் கமிட்டியின் முன் கொடுத்த சாட்சியம் அதில் கண்டிருந்தது. நமது சேனையின் தளவாடங்களில் 68 சதவீதம் பழம் பொருள்கள். 24 சதவீதம் நடப்புக் காலத்தவை. மிக நவீனமானவை 8 சதவீதமே. நல்ல சேனை என்றால் மூன்றும் மூன்றில் ஒரு பங்காக இருக்க வேண்டும் என்பது அவர் கூறிய அளவுகோல். புதுத் தளவாடங்களுக்கென்று அவ்வருஷம் ஒதுக்கிய தொகை 21,338 கோடி ரூபாய்; முன்னரே ஒப்பந்தமாகிக் கொடுக்க வேண்டியிருந்த பாக்கியோ 29,033 கோடி. அதாவது, புதிதாக ஒரு துப்பாக்கி வாங்குவதற்கு முன்பே கஜானாவில் 7,695 கோடி ரூபாய் துண்டு விழுந்திருந்தது.

மறுநாள், 14-ந் தேதி, லோக்சபையில் நடந்தது என்ன? கூச்சலுக்கும் குழப்பத்துக்கும் நடுவே 'கில்லட்டின்' என்ற விதி பிரயோகிக்கப்பட்டது. 99 மான்யக் கோரிக்கைகளும் ஏறக்குறைய அரைமணி நேரத்தில் விவாதமின்றி நிறைவேறின. அவற்றுள் ராணுவத்தின் கோரிக்கைகளும் அடக்கம். முந்தின நாள் அறிக்கையைப் பற்றி எழுந்து ஒரு வார்த்தை சொல்ல எவருக்கும் வாய்ப்பு ஏற்படவில்லை. சபையை நடக்கவொட்டாமற் செய்த எதிர்க்கட்சியாருக்கும், அதையே சாக்காகக் கொண்டு காரியத்தை முடித்துக்கொண்ட சர்க்காருக்கும் இதில் சமபங்கு உண்டு. அவ்வருஷம் செப்டம்பரில் கமிட்டி மாற்றியமைக்கப்பட்டபோது ஸ்ரீ கண்டூரி அதன் தலைவராக இல்லை.

பிரிட்டிஷ் சரித்திரத்தில் இதற்கு நேர்மாறான சம்பவம் ஒன்று உண்டு. நமது சட்டக் கல்லூரிகளில் அதனைக் கற்பிக்கிறார்களோ என்னவோ. கிரிமியா யுத்தத்தின்போது, 1854-ம் வருஷம் நவம்பர் 14-ந் தேதி அடித்த புயலில், துருப்புகளுக்குக் குளிர்கால உடுப்புகளை ஏற்றிச் சென்ற 'பிரின்ஸ்' என்ற கப்பல் பாலக்லாவாத் துறைமுகத்துக்கு வெளியே மூழ்கிப்போயிற்று. செபாஸ்டபோல் கோட்டைக்கு முன்னால் சிப்பாய்கள் குளிராலும் நோயாலும் மடிந்தார்கள். யுத்தம் மும்முரமாக நடந்துகொண்டிருந்த சமயத்திலேயே ரோபக் என்ற அங்கத்தினர், சேனையின் நிலைமையை விசாரிக்கக் கமிட்டி அமைக்க வேண்டுமென்று பிரேரித்தார். 1855-ம் வருஷம் ஜனவரி 29-ந் தேதி அது 305-க்கு 148 வோட்டில் நிறைவேறியது. அபர்தீன் பிரபுவின் மந்திரிசபை கவிழ்ந்தது. கம்பளிச் சட்டை வந்து சேராத காரணத்துக்காக ஒரு மந்திரிசபை போயிற்று என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அந்த வழக்கம் அங்கு அடியோடு மறைந்துவிடவில்லை. 2024-ம் வருஷம் பிப்ரவரியிலும் காமன்ஸ் சபையின் ராணுவக் கமிட்டி, தங்கள் படைகள் நீண்ட யுத்தத்துக்குத் தயாராயில்லை என்று பகிரங்கமாகவே எழுதிற்று.

நம் தேசத்திலோ, இந்தத் துறையில் முதற் கோணலே முற்றுங் கோணலாயிற்று. 1948-ம் வருஷம் காஷ்மீர் யுத்தத்துக்கென்று லண்டனில் ஹைகமிஷனராயிருந்த ஸ்ரீ வி. கே. கிருஷ்ண மேனன் வழியாகச் செப்பனிட்ட ஜீப்புகள் வாங்க ஒப்பந்தமாயிற்று. வந்து இறங்கியவை 155. அவையும் உபயோகத்துக்கு லாயக்கற்றவையாயிருந்தன. ஸ்ரீ அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் ஒரு கமிட்டி விசாரித்தது. ஆனால் 1955-ம் வருஷம் செப்டம்பர் 30-ந் தேதி, விஷயம் முடிந்துவிட்டது என்று சர்க்கார் கதவைச் சாத்தியது. 1957-ல் அதே மேனன் ராணுவ மந்திரியானார். அதன்பின் ஐந்து வருஷத்தில் சீனப் படை இறங்கியது. தாக்லா மலைச்சாரலுக்கு அவசரமாக அனுப்பப்பட்ட நமது சிப்பாய்களிற் பலர் கோடைகாலப் பருத்திச் சீருடையும் கான்வாஸ் ஜோடும் அணிந்து அந்தக் குளிரில் நின்றார்கள். ஜீப் விசாரணையைப் பூரணமாக நடத்தியிருந்தால் 1962-ன் அவமானம் நேர்ந்திராது என்று நாம் சொல்ல வரவில்லை. கேள்வி கேட்பதை அபசாரமாகக் கருதும் மனோபாவம் இரண்டிலும் இருந்தது என்று மட்டும் சொல்கிறோம்.

இனி நம் காலத்துக்கு வருவோம். சியாச்சின் பனிமலையை 1984-ம் வருஷம் ஏப்ரல் முதல் நமது படை காத்து வருகிறது. அங்கே உடுப்பு என்பது அலங்காரப் பொருளன்று, ஆயுதத்துக்குச் சமமானது. 2020-ம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி பார்லிமெண்டில் வைக்கப்பட்ட ஆடிட்டர் ஜெனரலின் அறிக்கை, பனிமலை உடுப்புகளை வாங்குவதில் வருஷக்கணக்கில் ஏற்பட்ட தாமதத்தால் கடும் பற்றாக்குறை நேர்ந்ததை விவரித்தது. பனியின் ஒளியிலிருந்து கண்ணைக் காக்கும் மூக்குக்கண்ணாடியில் பற்றாக்குறை 62 முதல் 98 சதவீதம் வரை. பூட்ஸுகள் புதிதாக வழங்கப்படாமையால் பழையவற்றைப் புதுப்பித்து அணிய நேர்ந்தது. முகமூடி, சட்டை, படுக்கைப் பை ஆகியவற்றில் பழைய மாதிரிகளே வாங்கப்பட்டன. இது சில வருஷங்களுக்கு முந்திய கதை, குறைகள் நிவர்த்தியாகிவிட்டன என்று சேனைத் தலைமை பதில் கூறியது. அப்படியே இருக்கட்டும். அந்தச் சில வருஷங்களில் கண்ணாடியின்றி மலையில் நின்றவனுக்கு யார் பதில் சொல்வது?

திருப்பூர் வாசகர்களுக்கு இந்தச் சங்கதியை அதிகம் விளக்க வேண்டியதில்லை. தேசத்தின் பின்னலாடை ஏற்றுமதியில் பாதிக்கு மேல் இங்கிருந்து போகிறது. அந்நிய நாட்டுப் பையரிடமிருந்து ஆர்டர் வந்தால் என்ன நடக்கிறது? முதலில் சாம்பிள் ஒப்புதலாக வேண்டும். துணியின் எடை சதுர மீட்டருக்கு இத்தனை கிராம் என்று நிறுத்துப் பார்க்க வேண்டும். சலவையில் சுருங்குகிறதா, சாயம் போகிறதா என்று பரிசோதிக்க வேண்டும். செக்கிங் மேஜையில் பெண்கள் பீஸ் பீஸாகப் புரட்டிப் பார்க்கிறார்கள். இவ்வளவுக்கும் பிறகு பையருடைய ஆள் வந்து, கட்டி வைத்த பெட்டிகளிற் சிலவற்றைப் பிரித்து அளந்து பார்த்து, சரியென்று சொன்னால்தான் சரக்கு தூத்துக்குடிக்குப் போகும். நாள் தவறினாலோ, விலையைக் குறைப்பான் அல்லது சரக்கையே தள்ளிவிடுவான். ஐரோப்பாவில் ஒரு சிறுவன் அணியும் ஆறு மாதச் சட்டைக்கு இத்தனை காவல். சிப்பாய் தன் உடுப்பைத் தானே தேர்ந்தெடுப்பதில்லை; தள்ளிவிடவும் அவனால் ஆகாது. ராணுவத்துக்குத் தரப் பரிசோதனை இலாகா உண்டு. ஆயினும் அதுவும் சர்க்காரின் ஆள்தான். வாங்குகிற பக்கத்து ஆளாக வந்து பெட்டியைப் பிரித்துப் பார்க்க வேண்டியது பணம் கொடுத்த ஜனங்களின் பிரதிநிதி சபையே. பனிமலை உடுப்புக்கு ஆராய்ச்சிக் குறைவால் இன்னும் அந்நிய நாட்டை எதிர்பார்க்கிறோம் என்பதும் அதே தணிக்கை அறிக்கையிற் கண்ட விஷயம். கதர் இயக்கத்துக்கு ஒரு காலத்தில் கேந்திரமாயிருந்த இந்த ஊர், அதைப் படித்து வெட்கப்படுவதா, வேலைக்குக் கிளம்புவதா என்பதை முதலாளிமார்கள் யோசிக்கட்டும்.

பல்லடத்துக்கு அப்பால் சூலூர் விமானத்தளம் இருக்கிறது. 1983-ல் தொடங்கி, 2001-ம் வருஷம் ஜனவரி 4-ந் தேதி முதன்முதலாகப் பறந்த 'தேஜஸ்' விமானத்தின் முதல் இரண்டு அணிகளும் அங்கேதான் நிலைகொண்டன. அதன் புது மாதிரியில் 83 விமானங்களுக்கு 2021-ம் வருஷம் பிப்ரவரியில் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. 2024 மார்ச்சில் வரத்தொடங்க வேண்டியவை. அமெரிக்க எஞ்சின்கள் தாமதமானது ஒரு காரணமாக, 2025 செப்டம்பர் வரையில் ஒன்றுகூட விமானப்படையின் கைக்கு வரவில்லை. அம்மாதம் 26-ந் தேதி பழைய மிக்-21 விமானங்களுக்கு விடைகொடுத்தபோது, 42 அணிகள் இருக்கவேண்டிய இடத்தில் 29-தான் மிஞ்சின. இதே சூலூரிலிருந்துதான் 2021-ம் வருஷம் டிசம்பர் 8-ந் தேதி முப்படைத் தலைவர் ஜெனரல் பிபின் ராவத் ஹெலிகாப்டரில் புறப்பட்டார். குன்னூருக்கு அருகே அது வீழ்ந்து பதினால்வர் உயிரிழந்தனர். மேகத்துள் புகுந்து விமானி திசை தடுமாறியதாக விமானப்படை அடுத்த மாதமே சுருக்கமாக அறிவித்தது. மூன்று வருஷம் கழித்து, 2024 டிசம்பரில், ராணுவ நிலைக் கமிட்டியின் அறிக்கையில் ஒரு பட்டியலின் நடுவே, காரணம் 'மனிதத் தவறு' என்று காணப்பட்டது. 2017 முதல் 2022 வரை ஐந்து வருஷத்தில் நேர்ந்த 34 விபத்துகள் அப்பட்டியலில் இருந்தன. ஒற்றை வரிதான், எனினும் கமிட்டி இல்லையேல் அந்தப் பட்டியலும் ஜனங்கள் கண்ணில் பட்டிராது.

ஆட்பலத்தின் கதையும் இவ்வாறே. கொரோனாவைக் காரணமாகக் காட்டி இரண்டு வருஷம் ஆள் சேர்ப்பு நின்றது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட இடங்கள் காலியாயின. பின்பு 2022-ம் வருஷம் ஜூன் 14-ந் தேதி 'அக்னிபத்' அறிவிக்கப்பட்டது: நான்கு வருஷச் சேவை, அதன் முடிவில் நால்வரில் ஒருவருக்கே நிரந்தர இடம். திட்டம் நல்லதா கெட்டதா என்பதில் அறிஞர்களிடையே அபிப்பிராய பேதம் உண்டு. ஆனால் ஒரு பெரிய சேனையின் அமைப்பையே மாற்றும் இந்த ஏற்பாடு மசோதாவாக வரவில்லை. அறிவித்த நாளில் பார்லிமெண்டும் கூடியிருக்கவில்லை.

இவற்றையெல்லாம் பகிரங்கமாகப் பேசினால் சத்துருவுக்கு அநுகூலமாகாதா என்று கேட்பவர்கள் உண்டு. 152 வகை வெடிமருந்துகளில் 61 வகை பத்து நாள் யுத்தத்துக்கும் போதாது என்று 2017-ம் வருஷம் ஜூலையில், டோக்லாம் தகராறு நடந்துகொண்டிருந்தபோது, ஆடிட்டர் ஜெனரல் எழுதியதும் அந்தக் கூக்குரல் பலமாயிற்று. பின்னர் ராணுவத் தணிக்கை அறிக்கைகள் பார்லிமெண்டில் வைக்கப்படுவதோடு சரி. இணையத்தில் வெளியிடும் வழக்கம் கைவிடப்பட்டது. யுத்தத் தந்திரமும் ஆயுதத்தின் நுட்பமும் ரகசியமாக இருக்க வேண்டியவையே. அதை மறுப்பவர் ஒருவருமில்லை. ஆனால் கண்ணாடி இல்லாத சங்கதி சிப்பாய்க்குத் தெரியும், கண்டிராக்டருக்குத் தெரியும். வேவு பார்ப்பவன் சும்மாவா இருப்பான்? தெரியாதவன் வரி கொடுப்பவன் ஒருவனே. 1962 நவம்பரில், சீனர் எல்லைக்குள் நின்றபோதே, ரகசியக் கூட்டம் கூடவேண்டுமென்று ஓர் அங்கத்தினர் கேட்டதற்குப் பண்டித நேரு இணங்கவில்லை. விவாதம் பகிரங்கமாகவே நடந்தது.

குறை எங்கே இருக்கிறது என்று சட்ட புஸ்தகத்தைப் புரட்டினால் அது தெளிவாகவே அகப்படுகிறது. 1993-ல் ஏற்பட்ட நிலைக் கமிட்டிகளில் ஒவ்வொன்றிலும் இன்று 31 அங்கத்தினர், லோக்சபையிலிருந்து 21, ராஜ்யசபையிலிருந்து 10, மந்திரிகளுக்கு இடமில்லை. அதிகாரிகளை எதிரே உட்காரவைத்துக் குறுக்கு விசாரணை செய்யலாம், தஸ்தாவேஜுகளைக் கேட்கலாம். ஆயின் விதி ஒன்று குறுக்கே நிற்கிறது. கமிட்டியின் அறிக்கை, மான்யத்தைக் குறைக்கும் வெட்டுப் பிரேரணையின் தன்மையுள்ள எதையும் சொல்லக்கூடாது. வெட்டுப் பிரேரணை கொண்டுவரும் உரிமை சபையில் அங்கத்தினருக்கே உரியது. கமிட்டியின் அறிக்கையைக் கருத்திற்கொண்டே சபை மான்யத்தை ஆலோசிக்க வேண்டும் என்றும் அவ்விதிகள் கூறுகின்றன. சபையோ 'கில்லட்டின்' போட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறது. சாட்சியத்தைக் கேட்டவருக்குத் தீர்ப்புச் சொல்ல அதிகாரமில்லை. தீர்ப்புச் சொல்ல அதிகாரமுள்ளவர் சாட்சியத்தைப் படிப்பதில்லை. எந்த ஜில்லாக் கோர்ட்டாவது இப்படி நடந்தால் ஹைகோர்ட்டு சும்மா இருக்குமா?

நம் திருப்பூர் ஜில்லாவின் வாக்குகள் திருப்பூர், கோயமுத்தூர், பொள்ளாச்சி, ஈரோடு, நீலகிரி என்று ஐந்து லோக்சபைத் தொகுதிகளில் பிரிந்து கிடக்கின்றன. இதை ஒரு குறையாகவே பேசி வருகிறோம். இந்த விஷயத்தில் அது சௌகரியம், ஐந்து அங்கத்தினரைக் கேட்கலாம். அவர்களிடம் கேட்கத்தக்கவை இரண்டு. எந்த இலாகாக்களின் மான்யம் சபையில் விவாதிக்கப்பட வேண்டும் என்பதை அலுவல் ஆலோசனைக் கமிட்டி தீர்மானிக்கிறது. ராணுவத்தை அந்த ஜாபிதாவில் சேர்க்கும்படி அவரவர் கட்சித் தலைவர்களை வற்புறுத்த வேண்டும். அது சேர்ந்துவிட்டால், முந்தின நாளே நோட்டீஸ் கொடுத்து, சிப்பாயின் உடுப்பையும் கண்ணாடியையும் பற்றி நூறு ரூபாய் வெட்டுப் பிரேரணை ஒன்றைக் கொண்டுவர வேண்டும். குறிப்பிட்ட ஒரு குறையை எடுத்துச் சொல்வதற்கென்றே விதிகள் வகுத்துள்ள தொகை அந்த நூறு ரூபாய்.